கழுவிய நீர் எங்கே போகிறது?



காலையில் பால்காரர் வாசலில் வந்து நிற்கிறார். பால் புதியதா, கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோம். அந்தப் பாத்திரத்தைக் கடைசியாகக் கழுவிய நீர் எங்கிருந்து வந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? அதைவிட இன்னொரு கேள்வி இருக்கிறது. மாட்டுக் கொட்டகையைக் கழுவிய நீர் எங்கே போய்ச் சேர்ந்தது? முதற் கேள்விக்கு விடை இந்த இரண்டாம் கேள்வியில்தான் இருக்கிறது. கால்நடை வளர்ப்பினால் நீர் எவ்வாறு மாசுபடுகிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்பதைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் ஒரே வீட்டைச் சேர்ந்த மூவர் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆசிரியர்கள் இருவர் வீடு தேடிச் சென்றோம். மூவருக்கும் வயிற்றுப்போக்கு. கடைசிப் பெண்ணுக்கு மலத்தில் இரத்தமும் கலந்திருந்ததால் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். குழாய் உடைந்து இரண்டு நாள் தண்ணீர் வராததால், வீட்டின் பின்புறமிருந்த பழைய கிணற்று நீரைக் குடித்திருக்கிறார்கள். சுகாதாரப் பரிசோதகர் எடுத்துச் சென்ற நீரில் மலக்கிருமி இருப்பது தெரிய வந்தது.

அந்த வீட்டுக்காரர் நான்கு பசுக்கள் வைத்திருந்தார். அவரை அசுத்தக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. காலையும் மாலையும் கொட்டகையைத் தேய்த்துக் கழுவுவார். சிமெந்துத் தரை பளபளவென்றிருக்கும். "இதற்குமேல் எப்படி ஐயா சுத்தமாக வைத்திருப்பது?" என்று அவர் எங்களைக் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. திரும்பி வரும்போதுதான் ஒன்றைக் கவனித்தோம். கொட்டகை மேட்டில் இருந்தது. கிணறு பள்ளத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே எட்டுப் போட்டுப் பார்த்தால் பதினெட்டு எட்டுதான். அவர் ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை அக்கறையோடு கழுவிவிட்ட நீர் அந்தப் பதினெட்டு எட்டைத் தாண்டிக் கிணற்றுப் பக்கமே இறங்கிக் கொண்டிருந்தது. கொட்டகை சுத்தமாக ஆக, கிணறு அழுக்காகிக் கொண்டே வந்தது.

இனி, கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

நம் நாட்டு வெப்பத்தில் ஒரு கறவைப் பசு நாளொன்றுக்கு 40 லிட்டர் முதல் 80 லிட்டர் வரை நீர் குடிக்கும். அது போடும் சாணம் ஏறத்தாழ 25 கிலோ. சிறுநீர் 10 லிட்டருக்குக் குறையாது. நான்கு பசு என்றால் நாளொன்றுக்கு 100 கிலோ சாணம். இதை அள்ளிக் குழியில் போட்டால் எரு. கழுவிக் கால்வாயில் விட்டால் கழிவு. பொருள் ஒன்றுதான், அது போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்தே செல்வமாகவோ கேடாகவோ ஆகிறது.

கழுவிய நீர் இரண்டு வழியாகப் போகும். ஒன்று கண்ணுக்குத் தெரிந்த வழி. சரிவில் ஓடி, கால்வாயில் விழுந்து, ஓடையில் கலந்து, ஆற்றைச் சேர்வது. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத வழி. மண்ணுக்குள் ஊறி, நிலத்தடி நீரோடு சேர்ந்து, கிணற்றில் சுரப்பது. மண் ஒரு நல்ல வடிகட்டிதான். மெல்ல மெல்ல ஊறும் நீரிலுள்ள கிருமிகளில் பெரும்பகுதியை அது பிடித்து நிறுத்திவிடும். ஆனால் மணற்பாங்கான நிலத்திலும், வெடிப்புள்ள பாறையிலும், அடைமழைக் காலத்திலும் அந்த வடிகட்டியின் கண்கள் பெரிதாகிவிடுகின்றன. நீர் ஊறுவதில்லை, பாய்கிறது.

அந்த நீர் தன்னோடு எடுத்துச் செல்வது மூன்று. முதலாவது, நோய்க்கிருமிகள். இரண்டாவது, நைட்ரேட் என்னும் உப்பு. மூன்றாவது, அழுகும் பொருள்கள். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கிருமிகள். ஒரு கிராம் சாணத்தில், அதாவது சுண்டு விரல் நுனியளவு சாணத்தில், கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உண்டு. பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் ஈ.கோலை என்னும் கிருமி இனத்தில் ஓ157 என்று எண்ணிடப்பட்ட கொடிய வகை ஒன்று இருக்கிறது. மனிதருக்கு நோய் தரும் கிருமியாக இது 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அடையாளம் காணப்பட்டது. இது பசுவின் குடலில் வாழும். பசுவுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. பசு நன்றாக மேயும், நன்றாகக் கறக்கும். ஆனால் அதே கிருமி நூற்றுக்கும் குறைவான எண்ணிக்கையில் ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் சென்றாலும் இரத்தபேதி உண்டாகலாம். சில குழந்தைகளுக்குச் சிறுநீரகமே பழுதடைந்துவிடும். ஆகவே, "எங்கள் மாட்டுக்கு ஒரு நோயும் இல்லை" என்ற உறுதி, நம் கிணற்றுக்கு உறுதியாகாது.

இது எவ்வளவு பெரிய துன்பமாக முடியும் என்பதற்குக் கனடா நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்று. ஒன்டாரியோ மாநிலத்தில் வாக்கர்ட்டன் என்றொரு சிறு நகரம். ஏறத்தாழ 5,000 மக்கள். சுற்றிலும் பண்ணைகள். நகருக்குக் குழாய் நீர் தரும் கிணறுகளில் ஐந்தாம் எண் கிணறு ஆழமில்லாதது. அருகிலே ஒரு மாட்டுப் பண்ணை. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் அந்தப் பண்ணை நிலத்தில் வழக்கம் போல எரு இட்டார்கள். மே மாதம் 8ஆம் நாள் முதல் 12ஆம் நாள் வரை அங்கே கனமழை பெய்தது. எருவிலிருந்த ஓ157 கிருமியும், கேம்பிலோபேக்டர் என்னும் மற்றொரு குடற்கிருமியும் மழை நீரோடு இறங்கி ஐந்தாம் கிணற்றில் கலந்தன. கிருமியைக் கொல்லப் போதுமான குளோரின் மருந்து நீரில் சேர்க்கப்படவில்லை. நீரைக் கவனிக்க வேண்டியவர்கள் சோதிக்காமலே சோதித்ததாகக் கணக்கெழுதி வந்தார்கள். மக்கள் நோயுற்றுச் சுகாதார அதிகாரிகள் விசாரித்தபோதும், நீர் நன்றாகவே இருக்கிறது என்றே பதில் வந்தது. மே 21ஆம் நாள்தான் நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்குமாறு எச்சரிக்கை விடப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். ஏழு பேர் இறந்தார்கள்.

நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் இதை விசாரித்து 2002ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். அதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எரு இட்ட பண்ணையாளர் மீது குற்றமில்லை என்று அறிக்கை கூறியது. அவர் முறைப்படியே நடந்திருந்தார். குற்றம், ஆபத்தான இடத்தில் ஆழமில்லாமல் தோண்டிய கிணற்றிலும், அதைக் காவல் காக்கத் தவறியவர்களிடமும் இருந்தது. எங்கள் வட்டாரத்து நான்கு பசுக்காரரும் அப்படித்தான். அவர் கெட்டவரல்லர், கவனமில்லாதவரும் அல்லர். கொட்டகையைக் கவனித்தவர், நிலத்தின் சரிவைக் கவனிக்கவில்லை. அவ்வளவே.

இங்கே பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "சாணம் கிருமியைக் கொல்லும் பொருளாயிற்றே! காலங்காலமாகச் சாணம் கரைத்துத்தானே வாசல் தெளிக்கிறோம்?" என்பார்கள். நியாயமான கேள்வி. வாசலில் தெளித்த சாணம் மெல்லிய பூச்சாகப் படிகிறது. வெயில் பட்டுச் சீக்கிரம் காய்கிறது. காய்ச்சலும் வெயிலும் கிருமிகளுக்குப் பகை. புழுதியும் அடங்குகிறது. ஆனால் அதே சாணம் ஈரத்திலும் நிழலிலும் கிடந்தால் கிருமிகள் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். வாசலில் காய்ந்த சாணம் வேறு. கிணற்றில் கரைந்த சாணம் வேறு. முன்னோர் வழக்கத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவ்வழக்கத்துக்கு வெயில் துணை நின்றது என்பதை நினைவூட்டவே சொல்கிறோம்.

"ஓடுகிற தண்ணீருக்குத் தீட்டில்லை" என்றும் சிலர் சொல்வதுண்டு. ஓடுகிற நீர் அழுக்கைக் கொல்வதில்லை. அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறது. நமக்கு மேலே இருப்பவருக்கு நாம் அடுத்த ஊர்.

இரண்டாவது, நைட்ரேட். சாணத்திலும் சிறுநீரிலும் உள்ள தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. பயிருக்கு அது உணவு. பயிர் உறிஞ்சியது போக மிஞ்சியது நீரில் கரைந்து கிணற்றுக்குள் இறங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்னும் மருத்துவர், பண்ணை வீட்டுக் கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் உடல் நீலம் பாரித்து வந்ததைக் கண்டார். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி நைட்ரேட் செய்துவிடுகிறது என்பதை எடுத்துக் காட்டினார். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது.

தாய்மார்கள் இந்த இடத்தில் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட, மிஞ்சிய நீரில் அதன் அளவு கூடவே செய்யும். ஆகவே, மாட்டுக் கொட்டகைக்கு அருகிலுள்ள கிணற்று நீரைச் சோதிக்காமல் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கக் கூடாது. குழாய் நீரையே கொதிக்க வைத்துப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, அழுகும் பொருள்கள். இவை ஓடையில் விழுந்தால், அவற்றைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை எல்லாம் உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சுத் திணறி மிதக்கும். வீட்டுச் சாக்கடை நீர் ஒரு லிட்டர் அழுகி முடிய ஏறத்தாழ 300 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். சாணமும் சிறுநீரும் கலந்த குழம்பு ஒரு லிட்டருக்கு 10,000 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். இன்னொன்று சொன்னால் வியப்பீர்கள். கெட்டுப்போன பாலை ஓடையில் கொட்டினால், அது அந்தக் குழம்பைக் காட்டிலும் பல மடங்கு பிராணவாயுவை விழுங்கும். "பால்தானே" என்று எண்ணிக் கொட்டிவிடலாகாது.

இத்தகைய மாசு நம் அண்டை நாட்டில் எப்படி முடிந்தது என்பதையும் அறிந்து கொள்வோம். சிங்கப்பூரில் 1977ஆம் ஆண்டில் பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப் பகுதியையும் பத்தாண்டுகளில் தூய்மைப்படுத்த வேண்டும் என்று பணித்தார். அந்த ஆறுகளுக்கு நீர் வடியும் பகுதியிலிருந்து 600க்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகளும் ஏறத்தாழ 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. 1987ஆம் ஆண்டில் அப்பணி நிறைவு பெற்றது. இதற்கிடையே 1984ஆம் ஆண்டில், பன்றி வளர்ப்பையே படிப்படியாக நிறுத்திவிடுவதென்று அரசாங்கம் அறிவித்தது. நீருக்காகப் பிறர் கையை எதிர்பார்க்கும் சிறிய தீவு. அவர்களுக்கு வேறு வழி தோன்றவில்லை. ஆறு பிழைத்தது, ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பண்ணை வைத்திருந்த பல குடும்பங்கள் அந்தத் தொழிலை விட்டுவிட நேர்ந்தது. நீரைக் காப்பாற்றாத தொழில் நெடுநாள் நிற்பதில்லை என்பதே இதில் நமக்குள்ள பாடம். மாடு வளர்ப்பு நம் மக்களில் பலருக்குச் சோறு போட்டது. பிள்ளைகளைப் படிக்க வைத்தது. இன்று வீடமைப்புப் பகுதிகள் கொட்டகையின் வாசல் வரை வந்துவிட்டன. நாற்றம் என்றும், கால்வாய் அடைப்பு என்றும் புகார் எழுகிறது. கழிவு நீரை ஒழுங்குபடுத்துகிறவர்தான் நாளைக்கும் மாடு வைத்திருக்க முடியும்.

மாசுபட்ட நீர் மாட்டையும் விடுவதில்லை. நாறும் நீரை மாடு குறைவாகவே குடிக்கும். நீர் குறைந்தால் பால் குறையும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர்தான் அல்லவா? சகதியில் படுக்கும் பசுவுக்கு மடிநோய் எளிதில் வரும். கன்றுகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். "கென்சிங் திக்குஸ்" என்று மலாய் மொழியில் வழங்கும் எலிச் சிறுநீர்க் காய்ச்சலையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதன் கிருமி எலியின் சிறுநீரில் மட்டுமல்ல, நோய் தொற்றிய மாட்டின் சிறுநீரிலும் வெளிப்படும். தேங்கிய நீரில் உயிரோடிருந்து, காலிலுள்ள சிறு புண் வழியாகவும் மனித உடலுக்குள் புகும். பசுவுக்கு அது கருச்சிதைவை உண்டாக்கலாம். 2010ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் இது கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்று. கொட்டகை கழுவும்போது வெறுங்காலோடு நிற்காமல் ரப்பர் சப்பாத்து அணிவது இதனால்தான்.

இனி, நாம் செய்யக் கூடியவை என்ன? பெரும் பணம் தேவையில்லை. மண்வெட்டியும் கொஞ்சம் கவனமும் போதும்.

முதலில் அள்ளுங்கள், பிறகு கழுவுங்கள். சாணத்தைத் தண்ணீர் விட்டுத் தள்ளாமல் தட்டில் அள்ளி எடுத்துவிட்டால், கழுவ வேண்டிய நீர் குறையும். அதில் கரையும் மாசும் குறையும். அள்ளிய சாணத்தைக் கிணற்றுக்குத் தாழ்வான பக்கத்தில், மேடை கட்டிக் குவித்து, மேலே தகரமோ தார்ப்பாயோ போட்டு மூடுங்கள். மழையில் நனையாத எருவில் சத்தும் தங்கும்.

இரண்டாவது, மழை நீரையும் கொட்டகை நீரையும் சேர விடாதீர்கள். கூரைக்குத் தூம்பு வைத்து மழை நீரைத் தனியே வெளியேற்றுங்கள். சுத்தமான மழை நீர் சாணத்தின் மேல் விழுந்தால், அதுவும் கழிவு நீராகிவிடும்.

மூன்றாவது, கழுவிய நீர் முதலில் ஒரு சிறு குழியில் தங்கட்டும். மண்டி அடியில் படிந்த பின், மேல் நீர் ஒரு நேப்பியர் புல் பாத்திக்குப் பாயட்டும். புல் நைட்ரேட்டை உணவாக்கிக் கொள்ளும். அந்தப் புல்லை அறுத்து மாட்டுக்கே போடலாம். ஓடையோரத்திலும் சில அடி அகலத்துக்குப் புல் வளர விடுங்கள்.

நான்காவது, மாட்டை ஓடையில் இறக்கி நீர் காட்டாதீர்கள். தொட்டி வைத்துக் காட்டுங்கள். நீர் குடிக்க இறங்கும் மாடு அங்கேயே சாணமும் போடும். கரையையும் மிதித்து உடைக்கும்.

ஐந்தாவது, கிணறு. கொட்டகையும் எருக்குழியும் குறைந்தது 30 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். வளர்ந்தவர் நடையில் அது நாற்பது எட்டு. ஆனால் எட்டு மட்டும் போதாது. கிணறு மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கிணற்றுக்கு உயர்ந்த சுவரும், சுற்றிலும் சிமெந்துத் தளமும், மூடியும் வேண்டும். வாளியைத் தரையில் வைத்து மறுபடியும் உள்ளே விடாதீர்கள். வெள்ளம் புகுந்த கிணற்று நீரை, இறைத்து மருந்திட்டுச் சோதிக்கும் வரை குடிக்கவே கூடாது.

ஆறாவது, பால் பாத்திரம். அதைக் கடைசியாகக் கழுவும் நீர் குழாய் நீராகவோ கொதித்து ஆறிய நீராகவோ இருக்கட்டும். குடிக்கும் நீர் தளதளவென்று கொதித்த பின்னும் ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். கன்றுகளின் கழிவிலிருந்து வரும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் குளோரின் மருந்துக்கும் சாகாது; கொதி நீருக்குச் சாகும்.

கடைசியாக, வானத்தைப் பாருங்கள். மழை இருட்டிக் கொண்டு வரும் நாளில் தோட்டத்துக்கு எரு இடாதீர்கள். வாக்கர்ட்டன் மக்கள் கற்ற பாடம் இதிலும் அடங்கியிருக்கிறது.

அந்த நான்கு பசு வீட்டுக்குத் திரும்ப வருவோம். கடைசிப் பெண் பத்து நாள் கழித்து வீடு வந்து சேர்ந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தகப்பனார் மண்வெட்டியை எடுத்தார். கொட்டகையின் வடிகாலைக் கிணற்றுப் பக்கத்திலிருந்து திருப்பி மறுபுறம் வெட்டினார். பெரிய பையன்கள் இருவரும் மண் சுமந்தார்கள். மாலைக்குள் வேலை முடிந்தது. அங்கே நட்ட புல் இப்போது ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது. பழைய கிணற்றை மூடிவிட்டார்கள். ஒரு நாள் வேலைதான் நேயர்களே. அது ஒரு மாதம் முன்பே நடந்திருந்தால், பத்து நாள் மருத்துவமனையும் இல்லை. ஒரு தாயின் கண்ணீரும் இல்லை.

மாடு வைத்திருப்போர் இன்று மாலையே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கொட்டகையிலிருந்து கிணறு வரை எட்டு எண்ணி நடந்து பாருங்கள். பிறகு ஒரு வாளி நீரைக் கொட்டகை வாசலில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறதென்று இருவரும் சேர்ந்து பாருங்கள். பிள்ளைக்கு அது ஒரு பாடம். வீட்டுக்கு அது ஒரு காவல்.